உடையாத கருவி, உடைந்த முதுகு

சாட்டையும் விலங்கும் ஒடுக்குமுறையின் கருவிகள் என்று நமக்குத் தெரியும். அந்த வரிசையில் ஒரு களைக்கொத்தையும் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு லெட்டூஸ் கீரைக்குப் பேர்போனது. நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் கழித்துவிட அங்கே கொடுத்த களைக்கொத்தின் பிடி சுமார் ஓர் அடி நீளம்தான். நின்றபடி அதை வைத்து வேலை செய்ய முடியாது. இடுப்பை மடித்து, நாள் முழுக்கப் பயிர் வரிசையோடு நகர வேண்டும். பிடித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'எல் கோர்டீட்டோ', அதாவது குட்டையன்.

முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கையில் 100 என்றால், முன்னால் குனிகையில் சுமார் 150. குனிந்து சுமையும் பிடித்தால் சுமார் 220. இப்படியே வருடக்கணக்கில் உழைத்தால் வட்டு தேய்கிறது, பிதுங்கி நரம்பை அழுத்துகிறது.

பிறகு ஏன் குட்டைப் பிடி? அதில்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். ஆனால் வேறு பல இடங்களில் நீண்ட பிடி புழக்கத்தில் இருந்தது. குட்டைப் பிடியில் கங்காணிக்கு ஒரு வசதி: யார் நிமிர்ந்தாலும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இவர்களின் உடல்வாகே குனிந்த வேலைக்கு ஏற்றது என்ற பேச்சும் இருந்தது. பிறவித் தொழில் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் புதிதல்ல.

தொழிலாளர்களும் சட்ட உதவி வழக்கறிஞர்களும் தொழிற்பாதுகாப்புத் துறையிடம் தடை கேட்டார்கள். விதி தடுப்பது பழுதான கருவிகளை மட்டுமே, இது நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று மனு தள்ளுபடியானது. 1975 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கருவி பழுதில்லாமல் இருக்கலாம். அதைப் பயன்படுத்த வேண்டிய முறையிலேயே பயன்படுத்தியும் உடல் கெடுகிறது என்றால், அதுவும் பாதுகாப்பற்ற கருவிதான் என்றது. அதே ஆண்டு குட்டைப் பிடிக்குத் தடை வந்தது. நீண்ட பிடியோடு லெட்டூஸ் விவசாயம் தொடர்ந்தது, யாரும் மூழ்கிப் போகவில்லை.

ஆனால் கருவியே இல்லாமல் கையால் களை பிடுங்க வைக்கும் வழி திறந்தே இருந்தது. குனிந்து கையால் களையெடுப்பதற்கு அங்கே கட்டுப்பாடு வந்தது 2004-இல்தான்.

துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நில் என்று சொன்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். குனிவு நம் இயல்பல்ல, யாரோ போட்ட உத்தரவு என்பதை அறிவோம். அதை நிரூபிக்கவும் வேண்டும். தூய்மைப் பணியாளர்களிடம் பேசப் போகும் மாணவர்கள் துடைப்பத்தின் நீளத்தை அளக்கட்டும், குனிந்திருக்கும் மணிகளை எண்ணட்டும், தூக்கும் கூடையின் எடையைக் குறிக்கட்டும், மருத்துவரின் சான்றை வாங்கி வைக்கட்டும். சலினாஸ் தொழிலாளர்களின் வாய்மொழியும் மருத்துவர்களின் சாட்சியமும் சேர்ந்துதான் அந்தப் பிடியை நீளமாக்கின.