ஒன்றரை டொலர் வழக்கு

றிச்மண்ட் ஹில்லில் எங்கள் பிள்ளைகள் படத்துக்குப் போவதென்றால் தொலைபேசியிலேயே நுழைவுச்சீட்டை எடுத்துவிடுகிறார்கள். இணையத்தில் எதை வாங்கினாலும் முதல் திரையில் ஒரு விலை, காசு கட்டும் திரையில் இன்னொரு விலை. ஏன் கூடியது என்று கேட்டால், 'டாக்ஸ்தானே' என்பார்கள். கூடியது முழுவதும் வரிதானா?

இப்படிச் சொட்டுச் சொட்டாக விலையை ஏற்றுவதற்கு 'டிரிப் பிரைசிங்' என்று பெயர். 2022 யூனில் திருத்தப்பட்ட கனடாவின் போட்டிச் சட்டம் இதை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. கட்டாயக் கட்டணங்கள் பின்னால் சேர்வதால், விளம்பரப்படுத்திய விலைக்குப் பொருளை வாங்க முடியாது என்றால் அது ஏமாற்று விளம்பரம். அரசு வாங்குபவர் மீது விதிக்கும் வரிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அதே யூனில்தான் சினிப்ளெக்ஸ் திரையரங்கு நிறுவனம், இணையத்தில் எடுக்கும் சீட்டு ஒன்றுக்கு 1.50 டொலர் வரை கட்டணம் அறவிடத் தொடங்கியது. 2023 மே மாதம் போட்டிப் பணியகம் வழக்குத் தொடுத்தது. கட்டண விபரம் அதே பக்கத்தில்தானே இருக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். இருந்தது உண்மை, ஆனால் பக்கத்தைக் கீழே உருட்டினால்தான் கண்ணில் படும். அடுத்த படிக்குப் போகும் பொத்தானுக்கு உருட்டவே தேவையில்லை. போட்டித் தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2024 செப்ரெம்பரில் 38.9 மில்லியன் டொலருக்கு மேல் தண்டம் விதித்தது. 2023 டிசம்பர் வரை அந்தக் கட்டணத்தால் சேர்ந்த தொகைக்கு இது சமம். நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். திரையில் எது மேலே, எது கீழே என்பது தற்செயலாக அமைவதில்லை. கூட்டம் போட்டு, அளந்து பார்த்துத்தான் வைக்கிறோம்.

சட்டம் வரிக்குத் தந்த விலக்கில்தான் எனக்கு ஒரு சங்கடம். ஊரில் பிஸ்கட் பைக்கட்டில் அச்சிட்ட விலைதான் கொடுக்கும் விலை. இந்தியாவிலும் பொதியில் போடும் உச்ச விலைக்குள் வரி அடங்கிவிடும். ஒன்ராறியோவிலோ 13 வீத வரி கல்லாவில்தான் சேர்கிறது. விலை கடைசியில் கூடும் என்று பழகி வளரும் பிள்ளைக்கு, அரசு கேட்கும் காசும் கடைக்காரன் கேட்கும் காசும் ஒன்றாகவே தெரிகிறது. 'இதை விதித்தது யார்?' என்ற கேள்வியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விளையாட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் விலை டொலரில் இல்லை, 'வி-பக்ஸ்' என்ற செயற்கை நாணயத்தில். பொத்தான்களின் குழப்பமான அமைப்பால் ஒரே அழுத்தலில் காசு போனது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. திரை ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட இப்படி நடந்ததாம். 2022 டிசம்பரில், வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 245 மில்லியன் டொலர் செலுத்த எபிக் கேம்ஸ் உடன்பட்டது.

கனடாவில் போட்டிப் பணியகத்தின் இணையத்தளத்தில் யாரும் முறைப்பாடு செய்யலாம். முதல் திரையையும் கடைசித் திரையையும் படம்பிடித்து வைத்திருந்தால் உதவும். சினிப்ளெக்ஸ் வழக்கே ஒரு சீட்டுக்கு ஒன்றரை டொலர் பற்றியதுதான்.