தூங்குவது போல நடிக்கும் கணினி

எங்கள் ஊர் மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல். இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940-ல் தொடங்கியது அங்கேதான். அத்தனை பெருமை இருந்தும் மழை வலுத்தால் கரண்ட் போய்விடும்! போன மழைக்காலத்தில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் ஒரே புகார். இரவு மடிக்கணினியை மூடி வைத்தால், காலையில் சார்ஜ் காலி. கரண்டும் இல்லாவிட்டால் டொரன்டோவில் இருக்கும் பேத்தியைப் பார்க்க முடிவதில்லை.

"மூடின பிறகும் சூடா இருக்கு. இது தூங்கலைடா, தூங்குற மாதிரி நடிக்குது" என்றார்.

பி.காம். படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தேடிப் படித்தேன், சுவாரஸ்யமான வரலாறு.

1992-ல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் ஏ.பி.எம். முறையைக் கொண்டுவந்தன. அதில் தூங்க வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் பயாஸுக்கு. பாவம், மேலே எந்த நிரல் என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. 1996 டிசம்பரில் தோஷிபாவும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. வந்தது. இனி முடிவெடுப்பது இயங்குதளம். அதற்கான அட்டவணைகளைத் தருவது பயாஸ்.

வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி உண்டு. இருவர் சேர்ந்தால்தான் திறக்கும். இதுவும் அப்படித்தான். எஸ்3 என்னும் தூக்கத்தில் இயங்குதளம் நிரல்களை நிறுத்தி, விழித்ததும் தொடர வேண்டிய முகவரியைக் குறித்துவைத்துவிட்டுப் படுக்கும். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் ஓடும். எழுப்பினால் முதலில் கண் திறப்பது பயாஸ். அது நினைவகத்தைத் தயார் செய்து, குறித்த முகவரியில் ஒப்படைக்கும். ஒருவர் பிசகினாலும் கறுப்புத் திரைதான். எஸ்4-ல் எல்லாம் வட்டில் எழுதப்படும், மின்சாரமே தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பயாஸ் "நீ எந்த இயங்குதளம்?" என்று கேட்கும். பல தயாரிப்பாளர்கள் விண்டோஸை வைத்தே சோதித்ததால், லினக்ஸும் "நான் விண்டோஸ்" என்றே பதில் சொல்கிறது!

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது கதை மாறியது. செல்பேசி போல, திரை அணைந்தாலும் உள்ளே அரைவிழிப்பு. புது மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 கிடையாது. அம்மா சொன்னது சரிதான், நடிப்பேதான்!

மூடினால் 'ஹைபர்நேட்' ஆகும்படி அமைப்பை மாற்றிவிட்டு வந்தேன். அதுதான் எஸ்4. விழிக்கக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் சார்ஜ் அப்படியே இருக்கும்.

போன ஞாயிறு ஊரில் கரண்ட் இல்லை. ஆனாலும் திரையில் அம்மா முகம். "எழுந்துடுச்சுடா!"