மணற்காட்டு மணற்குன்றுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில், பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, கடலையொட்டி அமைந்த மணல்மேடுகள். அருகிலுள்ள மீனவக் கிராமமான மணற்காட்டின் பெயரால் அறியப்படுகின்றன. தட்டையான சுண்ணக்கல் நிலமாகிய குடாநாட்டில் இவை அரிய நிலத்தோற்றம். அதனால் ஒளிப்படக்காரர்கள் நாடிவரும் கரையாகவும் உள்ளன.

தோற்றமும் பயனும்

அலை ஒதுக்கும் மணலைக் காற்று உள்ளே தள்ளுகிறது. இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற ஊர்ப் பழமொழியின் உண்மையை இந்தக் கரையில் கண்ணால் காணலாம். கொடி அழிந்த இடத்தில் மணல் மீண்டும் நடக்கத் தொடங்கும். அதைத் தடுக்கச் சவுக்கும் நடப்பட்டது.

மணலுக்குள் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் இந்நீர் பெருஞ்செல்வம்.

வரலாறு

அயலூரான வல்லிபுரத்தில் 1936இல் பிராமி எழுத்துப் பொறித்த பொன்னேடு ஒன்று கிடைத்தது. கி.பி. 67 முதல் 111 வரை ஆண்ட வசப மன்னன் காலத்து விகாரை ஒன்றைப் பற்றியது அது எனத் தொல்லியலாளர் பரணவிதான வாசித்தார். ‘நாகதீபம்’ என்ற பெயர் அதில் வருவதால் குடாநாட்டின் பழமைக்கு முக்கியச் சான்றாயிற்று. அதன் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வல்லிபுர ஆழ்வார் கோயிலில் திருமால் சக்கர வடிவில் வழிபடப்படுகிறார். புரட்டாதித் திருவிழாவின் கடல் தீர்த்தத்துக்கு அடியார்கள் மணல் கடந்து நடக்கிறார்கள். மணற்காட்டிலோ பழைய புனித அந்தோனியார் கோயிலின் கற்சுவர்கள் பாதி மணலுக்குள் புதைந்து நிற்கின்றன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைப் பறித்தது. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் வீடுகளும் வீதிகளும் எழ, கட்டுமான மணலுக்கான தேவை பெருகியது. மணல் அகழ்வு குன்றுகளுக்குப் பெரும் அச்சுறுத்தலாக வளர்ந்தது.

ஒளிப்படக் கலையில் மணற்கரை

மணற்குன்றுகளைப் படமெடுப்பது ஒளிப்படக் கலையில் புதிதல்ல. பெயர்பெற்ற ஒளிப்படக் குழுக்களுள் ஒன்று, 1932இல் கலிபோர்னியாவில் தோன்றிய ‘எஃப்/64’. ஓவியம்போல் மங்கலாக்கிய படங்களை மறுத்து, ஒவ்வொரு நுணுக்கமும் கூர்மையாகத் தெரியும் நேரிய படத்தை அதன் உறுப்பினர்கள் வலியுறுத்தினர். அவர்களுள் எட்வர்ட் வெஸ்டன், பாயின்ட் லோபோஸ் பாறைக்கரையைப் பல ஆண்டுகள் படமெடுத்தார். 1936இல் ஓசியானோ மணற்குன்றுகளையும் பதிவுசெய்தார். இலங்கையில் ஒளிப்படத்தைக் கலையாக நிலைநாட்டிய லயனல் வென்ட் (1900–1944) அதே தலைமுறையினர்.

மணற்காட்டில் படமெடுப்பவர்களுக்கு அழகுக்கு அப்பாலும் ஒரு பணி உண்டு. பாறைபோல் குன்று நிலைத்து நிற்பதில்லை. வடகிழக்கு வாடைக்காற்றுக் காலத்தில் எடுத்த படமும் தென்மேற்குச் சோளகக் காற்றுக் காலத்தில் எடுத்த படமும் ஒன்றாக இரா. ஆகவே ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் எடுத்து, நாளும் இடமும் குறித்து வைக்கும் படங்கள், மணல் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு அள்ளப்பட்டது என்பதற்குச் சான்றாகும். இக்கரைக்குக் கமராவுடன் செல்வோர் அடம்பன் கொடியை மிதிக்காமல் நின்று, அந்தக் குறிப்பையும் எழுதி வைக்க வேண்டும்.