நூறில் ஒரு செக்கன்: படகோட்ட வீராங்கனை எகாத்தரினா கார்ஸ்டனின் கதை

நூறில் ஒரு செக்கன் எவ்வளவு நேரம் தெரியுமா? நாம் ஒருமுறை கண் இமைத்து முடிக்க அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். அந்தச் சின்ன நேரம் இரண்டு பெண்களின் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பெலாரஸ், கடலே இல்லாத நாடு. ஆறுகளும் ஏரிகளும்தான் அங்கே உண்டு. சோவியத் ஒன்றியத்தின் ஒரு பகுதியாக இருந்து 1991இல் தனி நாடானது. அதன் மின்ஸ்க் பிராந்தியத்துக் கிராமம் ஒன்றில் 1972இல் பிறந்தவர்தான் எகாத்தரினா ஹொடொடோவிச். அவருக்கு நான்கு வயதானபோதுதான், 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான படகோட்டம் முதன்முதலில் சேர்க்கப்பட்டது.

1992இல் பார்சிலோனாவுக்குப் போனபோது அவருக்கு 20 வயது. சோவியத் ஒன்றியம் அப்போது இல்லை. முன்னாள் சோவியத் நாடுகள் பலவும் சேர்ந்த ஓர் அணி, ஒலிம்பிக் கொடியின் கீழ் அங்கே வந்திருந்தது. அதில் நால்வர் படகில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது.

அதன்பின் அவர் தனியாள் படகைத் தேர்ந்துகொண்டார். சுமார் எட்டு மீற்றர் நீளம், வெறும் 14 கிலோ அளவு எடை, ஒருவர், இரண்டு துடுப்பு. தூரம் 2000 மீற்றர். களைத்துப் போனால் உதவிக்கு யாரும் இல்லை. இந்தப் போட்டியில் வீரர் பின்னோக்கி உட்கார்ந்துதான் துடுப்பு வலிப்பார். முடிவுக்கோடு அவரது முதுகுப் பக்கம் இருக்கும். கண் முன்னால் தெரிவது, தான் கடந்து வந்த தண்ணீர் மட்டுமே.

1996 அட்லாண்டா. பெலாரஸ் தனி நாடாகக் கலந்துகொண்ட முதலாவது கோடைகால ஒலிம்பிக். கனடாவின் சில்கன் லாமனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி எகாத்தரினா தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் பெலாரஸ் வென்ற 15 பதக்கங்களில் தங்கம் அது ஒன்றுதான். சுதந்திர பெலாரஸின் முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுவே.

பிறகு திருமணமாகி ஜேர்மனியில் குடியேறினார். பெயர் கார்ஸ்டன் என்றானது. ஆனால் துடுப்பு வலித்தது பெலாரஸுக்காகவே.

2000 சிட்னி. இறுதிப் போட்டியில் அவரும் பல்கேரியாவின் ருமியானா நெய்கோவாவும் ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். யார் வென்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள்: 0.01 செக்கன் வித்தியாசத்தில் கார்ஸ்டனுக்குத் தங்கம். ஏழரை நிமிடம் நெருங்கத் துடுப்பு வலித்த பிறகு, படகுகளுக்கிடையே இருந்த இடைவெளி நாலைந்து சென்ரிமீற்றர்தான்!

இங்கே நாம் நெய்கோவாவை நினைத்துப் பார்க்க வேண்டும். நாலு விரல் அகலத்தில் தங்கம் போய்விட்டது. அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 2004 ஏதென்ஸில் வெண்கலம் வென்றார். அங்கே தங்கம் ஜேர்மனியின் கத்ரின் ருட்ஷோவுக்கு; கார்ஸ்டனுக்கு வெள்ளி. 2008 பீஜிங்கில் நெய்கோவா தனது 35ஆவது வயதில் தங்கம் வென்றே விட்டார். அன்று மூன்றாவதாக வந்தவர் யார்? கார்ஸ்டன்!

கார்ஸ்டனும் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த வருடமே, 2009இல், 37 வயதில் உலகச் சம்பியனானார். 1997, 1999, 2005, 2006, 2007 ஆகிய வருடங்களோடு சேர்த்து அது அவருக்குத் தனியாள் படகில் ஆறாவது உலகப் பட்டம். 2012 லண்டனில் 40 வயதில் இறுதிப் போட்டி வரை வந்தார், பதக்கம் இல்லை. 2016 ரியோவுக்கும் 44 வயதில் போனார். அங்கும் பதக்கம் இல்லை. மொத்தம் ஏழு ஒலிம்பிக், ஐந்து பதக்கங்கள்.

தங்கம், தங்கம், வெள்ளி, வெண்கலம், பிறகு வெறுங்கை. இதை இறங்குமுகம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாமிடம் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் விடியற்காலையில் படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு, தங்கம் வெல்வதைவிடப் பெரிய மனசு வேண்டும்.

பெறுபேறு வெளியாகும் நாட்களில் ஒரு புள்ளி, அரைப்புள்ளியால் வாய்ப்பை இழந்து அறைக்குள் அடைந்துகொள்ளும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். அந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசும் பெரியவர்களையும் காண்கிறோம். அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, நெய்கோவாவின் கதையைச் சொல்லுங்கள். நூறில் ஒரு செக்கனில் போனது, எட்டு வருடம் கழித்து வந்தது. நடுவில் இருந்த அந்த எட்டு வருடமும் அவர் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.