அடிமுடி தேடிய கற்பனை: லிங்கோத்பவமும் ஜெர்மானியக் கருத்துமுதல்வாதமும்

சிவன் கோயில் கருவறையைச் சுற்றி வரும்போது பின்புறம், மேற்குக் கோட்டத்தில், லிங்கோத்பவர் நிற்பார். சோழர் காலத்திலிருந்து அதுதான் அவருக்கு இடம். பாதத்தைப் பார்க்கக் குனிந்தால் பாதம் இருக்காது, தூணுக்குள் மறைந்திருக்கும். மகுடத்தின் நுனியும் அப்படியே. தூண் பிளந்த இடைவெளியில் மட்டும் உருவம். மேலே ஓர் அன்னம், கீழே ஒரு பன்றி. சிற்பியின் கையில் இருந்தது மேலும் கீழும் முடிந்துவிடும் ஒரு கல். அதில் அவன் காட்ட வேண்டியதோ அடியும் முடியும் இல்லாத ஒன்று. எந்த இரண்டு முனைகளைக் காட்ட வேண்டியிருந்ததோ, அவற்றையே அவன் மறைத்துவிட்டான்.

பிரமன் அன்னமாக முடியையும் திருமால் பன்றியாக அடியையும் நெருப்புத் தூணாய் நின்ற சிவனிடம் தேடிய இந்தக் கதையின் ஊர் திருவண்ணாமலை. அடிமுடி தேடிய கதை கற்பனையில் பிறந்தது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்; பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அது கற்பனையைப் பற்றிய கதை, கற்பனை எங்கே தோற்கிறது, தோற்றபின் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் கதை என்பது என் வாதம். அப்படிப் படித்தால், 1781க்கும் 1831க்கும் இடையே கான்ட் முதல் ஹெகல் வரை ஜெர்மானியர் கற்பனையையும் குறியீட்டையும் பற்றி நடத்திய நீண்ட வழக்கில் அண்ணாமலையும் சாட்சிக் கூண்டில் ஏற முடியும்.

கான்ட் 1790இல் வெளியிட்ட மூன்றாம் விமர்சன நூலில் உன்னதம் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஒரு பேருருவை மனம் பற்றும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன என்கிறார். ஒன்று, பகுதி பகுதியாக அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே போவது. இதற்கு எல்லை கிடையாது. மற்றொன்று, எடுத்ததையெல்லாம் ஒரே பார்வையில் சேர்த்துப் பிடிப்பது. இதற்கு எல்லை உண்டு. எகிப்தியப் பிரமிடுதான் அவர் காட்டும் உதாரணம். மிக அருகே போனால், கண் உச்சிக்கு ஏறுவதற்குள் அடியில் பார்த்தது நழுவிவிடும். கற்பனை முழுமையைப் பிடிக்க முயன்று தன் எல்லையில் விழுகிறது. அந்த வலியினூடாக, எல்லையற்றதை முழுமையாக எண்ணக்கூடிய பகுத்தறிவு நமக்குள் இருப்பதை உணர்கிறோம். அதனால் வலியே ஒருவகை எழுச்சியாகிறது.

அன்னமும் பன்றியும் செய்தது முதல் வேலை. ஒருவர் மேலே, ஒருவர் கீழே, முடிவில்லாமல். ஃபிக்டே 1794இல் கற்பனையை எல்லைக்கும் எல்லையின்மைக்கும் இடையே மிதக்கும் ஆற்றல் என்றார். ஒரு பறவையை மனத்தில் வைத்து எழுதினாரோ என்று தோன்றும். பன்றி திரும்பி வந்து காணவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அன்னமோ முடியிலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, அதைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்து வருகிறது.

ஒப்பீட்டின் உயிர் இந்தத் தாழம்பூவில்தான் இருக்கிறது. தோற்பது கற்பனையின் குற்றமாகக் கதையில் கருதப்படவே இல்லை. திருமாலுக்குத் தண்டனை கிடையாது. கண்டதாகச் சொன்னதுதான் குற்றம். கான்ட்டும் உன்னதம் பற்றிய பகுதியின் முடிவில் இதே இடத்தில் நின்று எச்சரிக்கிறார்: புலன்களின் எல்லைக்கு அப்பால் எதையோ பார்த்துவிட்டதாக நம்பும் மயக்கம் வேறு, பார்க்க முடியாது என்பதையே வழியாகக் கொள்ளும் உன்னதம் வேறு. உருவம் செய்யாதே என்ற யூத மறைக் கட்டளையை அங்கே அவர் புகழ்கிறார். நம் மரபு உருவத்தைத் தடுக்கவில்லை. பொய்ச்சாட்சியைத் தடுத்தது, சிவபூசையில் தாழம்பூவுக்கு இடமில்லாமல் போனது. தேவாரத்தில் சம்பந்தர் பதிகம்தோறும் ஒன்பதாம் பாட்டில், அயனும் மாலும் காணாத கதையை விடாமல் சொல்கிறார். பாடிப் பாடிப் பழகிய அடியவர் வாயில் காணாமை அன்றாடச் செய்தியாகிவிட்டது. ஊரின் பெயரும் அதைத்தான் சொல்கிறது: அண்ணுதல் நெருங்குதல் என்றால், அண்ணா மலை நெருங்க முடியாத மலை.

ஆனால் கான்ட்டின் கடைசிப் படியில் அண்ணாமலை ஏறாது. உன்னதம் பொருளில் இல்லை, பார்ப்பவனின் மனத்தில் இருக்கிறது, நாம்தான் தவறாக அதை மலைமேல் ஏற்றிச் சொல்கிறோம் என்பது அவர் முடிவு. இங்கே தேடியவர் இருவரும் தம்முடைய அறிவின் மாண்பைக் கண்டு திரும்பவில்லை. தூண் தானே பிளந்து காட்டியது. எழுச்சி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில்தான் கான்ட்டின் ஊரான கோனிக்ஸ்பெர்க்கும் திருவண்ணாமலையும் பிரிகின்றன.

ஷெல்லிங் இன்னும் நெருங்கி வருகிறார். 1802–03இல் யேனாவில் நிகழ்த்திய கலைத் தத்துவ உரைகளில், பொதுமை தனியொன்றைச் சுட்டினால் அது வரைவு, தனியொன்று பொதுமையைச் சுட்டினால் அது உருவகம், இரண்டும் ஒன்றையொன்று சுட்டாமல் ஒன்றாகவே இருந்தால் அது குறியீடு என்று பிரித்தார். பிற்காலத் தொன்மவியல் உரைகளில், தெய்வங்கள் வேறொன்றைச் சொல்ல வந்தவை அல்ல, தம்மையே சொல்பவை என்றும் வாதிட்டார். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து இறுதிவரை இம்மலையை விட்டுப் போகாத ரமணரும், மலை சிவனின் இருப்பிடம் அல்ல, மலையே சிவன் என்ற மரபை ஏற்றுப் பேசியவர். கயிலையில் சிவன் இருக்கிறார்; அண்ணாமலை சிவனாக இருக்கிறது. ஷெல்லிங்கின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிரேக்கத்திலும் கிடைத்திருக்காது. சைவ சித்தாந்தத்துக்கு இது புதிதும் அல்ல. உருவம், அருவம் இரண்டுக்கும் நடுவே லிங்கத்துக்கென்றே அருவுருவம் என்ற சொல்லை அது வைத்திருக்கிறது.

ஹெகலிடம் வந்தால் வழக்கு தலைகீழாகிறது. அழகியல் உரைகளில் இந்தியக் கலையைக் கட்டற்ற கற்பனையின் குறியீட்டுவாதம் என்று முதல் படிகளில் ஒன்றாக வைத்தார். எல்லையற்ற பொருளை எல்லையுள்ள உருவத்தில் அடைக்கத் தெரியாமல், உருவத்தை ஊதிப் பெருக்கி, கைகளையும் தலைகளையும் கூட்டிக்கொண்டே போகும் கலை என்பது அவர் குற்றச்சாட்டு. லிங்கத் தூண்களை இனப்பெருக்க ஆற்றலின் சின்னங்களாகவே கண்டார். முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட சிற்பங்களும் நம்மிடம் உண்டு. ஆனால் லிங்கோத்பவரில் கூட்டல் இல்லை, கழித்தல்தான் இருக்கிறது. உருவத்தால் பொருளைத் தாங்க முடியாது என்பதை ஹெகல் வெளியே நின்று சொன்னார். சிற்பி அதைக் கல்லுக்குள்ளேயே செதுக்கிவைத்தான். தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1713இலேயே தமிழரின் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலெ நகருக்கு அனுப்பியிருந்தார். அந்த ஜெர்மன் மூலம் சென்னையில் அச்சேறியது 1867இல். ஹெகல் இறந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து. தமிழ் வேதாந்த நூலான கைவல்ய நவநீதத்தின் கிரவுல் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்புகூட 1854இல்தான் வந்தது. இவை கிடைத்திருந்தால் ஹெகல் மனம் மாறியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய படிக்கட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் முன்பே ஒரு படி ஒதுக்கியாகிவிட்டது.

ஹெகலின் இன்னொரு பிரிவினைதான் எனக்கு அதிகம் பயன்படுகிறது. குறியீட்டில் பொருளுக்கும் உருவத்துக்கும் ஒற்றுமை உண்டு, அடையாளத்தில் உறவு மனிதன் தானாக வைத்தது, கொடியின் நிறம் போல. ஆகவே அடையாளமே மனத்தின் உயர்ந்த விடுதலை என்றார். லிங்கம் என்ற சொல்லுக்கும் அடையாளம் என்றே பொருள். ஆனால் இந்தியத் தர்க்கத்தில் அது மூன்றாவது வகை. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால் என்பது தர்க்க மாணவர் எல்லோரும் முதல் நாளில் படிக்கும் உதாரணம். அதில் புகைதான் லிங்கம். புகை நெருப்பைப் போல இருப்பதில்லை, அந்த உறவை நாமாக வைக்கவும் இல்லை. நெருப்பில்லாமல் புகை இராது என்ற பிரியாத உடனிகழ்வுதான் அதை அடையாளமாக்குகிறது. ஒற்றுமைக்கும் மரபுக்கும் அப்பால் இப்படி ஓர் இடம் இருப்பதை ஹெகலின் கணக்கு காணவில்லை.

இனி ஷெல்லிங்குக்கு ஒரு கேள்வி. மலையே அந்த நெருப்புத் தூண் என்றால், அதன்மேல் ஏன் நெருப்பு ஏற்ற வேண்டும்? கார்த்திகை தீபத்தன்று விடியலில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலையில் அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே சில நொடிகள் ஆடி வந்து காட்சி தந்து உள்ளே போகிறார். அந்தக் கணத்தில் உச்சியில் பருவதராஜ குலத்தார் கொப்பரையில் மகாதீபம் ஏற்றுகிறார்கள். தன்னில் நிறைவான குறியீட்டுக்கு இதெல்லாம் மிகை. கிரிவலமும் மிகைதான்; தீபத்துக்குப் பின்னும் திருவூடலின்போதும் உற்சவ மூர்த்தியான அண்ணாமலையாரே மலையைச் சுற்றிவருகிறார். சிவனைச் சிவன் வலம் வருவதை எந்த இலக்கணத்தில் அடைப்பது?

நடந்து பார்த்தால் இந்த மிகை புரியத் தொடங்கும் என்று நினைக்கிறேன். கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரில் மலை ஒரே மலையாக இருப்பதில்லை. கிழக்கே ராஜகோபுரத்துக்கு மேலே ஒற்றைச் சிகரம். பாதையிலுள்ள எண்திசை லிங்கங்களில் இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்கினி, எமன், நிருதி என்று நடக்க நடக்கத் தோள்கள் விரியும். அடிஅண்ணாமலை தாண்டிக் குபேர லிங்கத்துப் பக்கம் வந்தால் ஐந்து முகமாகப் பிரிந்து நிற்கும். அங்கே நின்று கும்பிடுபவர்கள் அதைப் பஞ்சமுக தரிசனம் என்பார்கள். ஈசானிய லிங்கத்தை எட்டும்போது முதலில் பார்த்த மலை கண்ணில் இல்லை, காலில் வலியாக இருக்கிறது. கான்ட் சொன்ன இரண்டு வேலைகளில் முதலாவதைக் கால் செய்கிறது. இரண்டாவதைச் செய்து முடித்ததாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி நடக்கிறார்கள். குறியீடு இங்கே ஒருமுறை கண்டு முடிக்கும் பொருளாக இல்லை. கற்பனை தன் தோல்வியைக் காலத்துக்குள் திரும்பத் திரும்பச் செய்துபார்க்கும் ஒரு செயலாக இருக்கிறது. ஷெல்லிங்கின் ‘ஒன்றாகவே இருத்தல்’ இருப்பைப் பற்றிப் பேசியது. இந்தச் செயலுக்கு அதில் இடம் வைக்கவில்லை.

மகாதீபம் பதினோரு நாள் எரியும். பிறகு கொப்பரையைக் கீழே இறக்குகிறார்கள். அதில் படிந்த கரியை எடுத்துப் பக்குவம் செய்து, ஆருத்ரா தரிசனத்தன்று முதலில் நடராசருக்கு இட்டு, பின்பு பக்தர்களுக்குத் தீப மையாகக் கொடுக்கிறார்கள். மலையில் எரிந்த நெருப்புக்குத் தர்க்கம் சொன்ன லிங்கம், அந்தப் புகையின் மிச்சம், விரல் நுனியில் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்ளும் அளவுக்கு.