திரையை யார் வாசிப்பது?

சிங்கப்பூர்த் தொழிற்சாலைகள் ஏன் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு மாறின என்று கேட்டால், "தொழில்நுட்பம் வளர்ந்தது"ன்னு எழுதிடுறீங்க. அது போதாது, மாணவர்களே.

1979இல் தேசியச் சம்பள மன்றம் வேண்டுமென்றே அதிகச் சம்பள உயர்வைப் பரிந்துரைத்தது. 1981 வரை அது தொடர்ந்தது. மலிவான உழைப்பை நம்பிய முதலாளி இனி இயந்திரம் வாங்கட்டும், அதுதான் கணக்கு. திறன் மேம்பாட்டு நிதியும் அதே ஆண்டில் வந்தது. குறைந்த சம்பள ஊழியருக்காக முதலாளி தீர்வை கட்டணும். அந்தப் பணம் பயிற்சிக்கு மானியமாகப் போனது.

சரி, இயந்திரம் வந்தாச்சு. வெப்பநிலையும் அழுத்தமும் காட்டும் திரையை யார் வாசிப்பது? தொடக்கப்பள்ளியே முடிக்காத தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுக்காக 1983இல் 'பெஸ்ட்' வகுப்புகள் தொடங்கின: தொடக்கநிலை ஆங்கிலமும் கணிதமும். வளர்ந்தவர்கள் மறுபடி எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. இந்தப் பகுதியைத்தான் விடையில் விட்டுடுறீங்க!

1985இல் பொருளாதாரம் சரிந்தது. உயர்ந்த சம்பளச் செலவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, அதையும் எழுதுங்க.