பொழுதுபோக்கில் பிறந்த கணினித் தமிழ்



இணையத்து நட்பு பயனுள்ள உறவா, வெறும் பொழுதுபோக்கா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், "கணினி முன்னால் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களோடு அரட்டை அடிப்பவன் வீட்டுக்கும் ஆக மாட்டான், நாட்டுக்கும் ஆக மாட்டான்" என்றார். பலத்த கைதட்டலும் பெற்றார். அவருக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக நான் ஒரு வரலாற்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

நான் ராசாவிலிருந்து வந்திருக்கிறேன். உலு சிலாங்கூரில், பத்தாங் காலிக்கும் கோலக் குபு பாருவுக்கும் நடுவில் உள்ள சிறிய ஊர். 2007ஆம் ஆண்டு ரவாங்கிலிருந்து மின்ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் கடைசி நிலையம் எங்கள் ஊர்தான். சுற்றிலும் முன்பு பால்மரம், பிறகு செம்பனை. அந்த ஊரில் இன்று ஒரு பையன் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியை எடுத்து 'அம்மா' என்று தமிழில் தட்டுகிறான். அடுத்த நொடியில் அது அவன் அம்மாவின் கைப்பேசியில் 'அம்மா' என்றே போய் நிற்கிறது. அந்த மூன்று எழுத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்? அரசாங்கமா? பெரிய நிறுவனமா? முதலில் வைத்தவர்கள் இருவரும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பிய சிலர், இரவு நேரத்தில், பொழுதுபோக்காகச் செய்த காரியம் அது.

முகம் தெரியாத நட்பு புதிதா?

முகம் தெரியாத நட்பு நமக்குப் புதியதன்று. 1950களில் சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ் முரசில், கோ. சாரங்கபாணி மாணவர்களுக்காக 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைத் தொடங்கினார். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் அதற்கு எழுதினார்கள். தன் பெயர் அச்சில் வந்த நாளை எண்பது வயதிலும் மறக்காதவர்கள் நம்மிடையே உண்டு. பேனா நட்பு வளர்ந்தது. எழுதியவர்கள் ஊருக்கு ஊர் மணிமன்றம் அமைத்தார்கள். தபாலில் தொடங்கிய பழக்கம் ஓர் இயக்கமாகவே ஆனது.

அன்று அதற்குத் தேவைப்பட்டவை ஒரு பேனா, ஒரு தாள், ஓர் அஞ்சல்தலை. தமிழ் எழுதத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை, கை இருந்தால் போதும். கணினி வந்தபோதுதான் சிக்கல் வந்தது. கணினிக்கு ஆங்கிலம் தெரியும், தமிழ் தெரியாது.

1990களின் தொடக்கத்தில் நம் நாட்டில் ஜாரிங் வழியாக இணையம் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் இருந்த தமிழர்கள் அதற்குச் சற்று முன்பே கணினி வழியாக ஒருவரை ஒருவர் கண்டுகொண்டிருந்தார்கள். கண்டுகொண்டு என்ன பயன்? தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. பலம் என்று எழுதினாரா, பழம் என்று எழுதினாரா என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். திருக்குறளை அப்படி எழுதிப் படிப்பதைவிடப் படிக்காமல் இருப்பதே மேல் என்று சிலருக்குத் தோன்றியது. அந்தச் சிலர்தான் இந்த வரலாற்றின் நாயகர்கள்.

யார் இவர்கள்?

கனடாவில் இருந்த டாக்டர் கே. ஸ்ரீனிவாசன் 1980களிலேயே 'ஆதமி' என்ற தமிழ் எழுதும் மென்பொருளை ஆக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒரு வேதியியல் அறிஞர். சூரிய ஒளியும் வேதிப்பொருளும் அவர் தொழில். ஓய்வு நேரத்தில் அவர் செய்த எழுத்துருவின் பெயர் 'மயிலை'. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி சிறுகதை ஆசிரியர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கல்விக்கழகத்தின் விரிவுரையாளர். அவர் 'கணியன்' முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்கு மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே தோன்றின. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

நம் மலேசியாவில் முத்து நெடுமாறன். 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். பொறியியலாளரான இவர் 1980களின் நடுவிலேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். பின்னர் 'முரசு அஞ்சல்' வந்தது.

1995இல் மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை, 'தமிழ்.நெட்' என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போய்ச் சேரும். முரசு அஞ்சலைக் கணினியில் ஏற்றிக்கொண்டால் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே படிக்கலாம்.

இப்போது இது சாதாரணம். அன்று எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருக வேண்டும். மோடம் கீச்சென்று கத்தும். இணைப்பு கிடைத்தால் அந்த நேரம் முழுக்க வீட்டுக்கு வேறு அழைப்பு வராது, மாதக் கடைசியில் கட்டணச்சீட்டு மட்டும் வரும். இங்கே இரவு பத்து மணி என்றால் லோசானில் பிற்பகல், டொராண்டோவில் காலை, சிட்னியில் நள்ளிரவு. உலகத்தில் எங்கேயாவது ஒரு தமிழர் விழித்திருப்பார், எழுதிக்கொண்டிருப்பார். சமையலும் பேசினார்கள், சங்க இலக்கியமும் பேசினார்கள். எழுத்துக்காகச் சண்டையும் போட்டார்கள். அந்தச் சண்டைதான் முக்கியமானது.

128 அறைகளில் 247 எழுத்து

சண்டை எதற்கு? சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைய கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 அறைகள். முதல் 128 அறைகளில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் முன்பே குடியேறிவிட்டன. மீதி 128. நமக்கோ 247 எழுத்து, அதற்கு மேல் ஜ, ஸ, ஷ, ஹ. எப்படி அடைப்பது?

கா என்ற எழுத்தை க, துணைக்கால் என்று இரண்டு துண்டாக்கலாம். துணைக்கால் ஒன்றை வைத்துக்கொண்டு கா, சா, தா எல்லாவற்றையும் எழுதிவிடலாம். ஆனால் கு, சு, து மூன்றும் மூன்று வடிவம். அவற்றுக்குத் தனித்தனி அறை கொடுத்தே ஆக வேண்டும். கெ என்பதில் கொம்பை முதலில் வைப்பதா, ககரத்தை முதலில் வைப்பதா? கண் கொம்பை முதலில் பார்க்கிறது, வாய் ககரத்தை முதலில் சொல்கிறது. இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவை வேறு வேறு வரிசையில் அடுக்கியிருந்தார்கள். ஒருவர் எழுத்துருவில் எழுதிய கடிதத்தை இன்னொருவர் எழுத்துருவில் திறந்தால் கோழி கிளறியது போல் இருக்கும். பத்திரிகைகளும் அப்படித்தான். ஐந்து பத்திரிகை படிக்க ஐந்து எழுத்துருவை இறக்கி வைத்திருந்த காலம் அது.

ஆகவே எல்லாருக்கும் பொதுவான ஓர் அடுக்கு வேண்டும். பொது அடுக்கு என்றால் என்ன பொருள்? 'என்னுடைய அடுக்கை நான் கைவிடுகிறேன்' என்று பொருள். பல ஆண்டு இரவுகளைச் செலவிட்டுச் செய்த ஒன்றைக் கைவிடுவது எளிதா, நடுவர் அவர்களே?

1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 'தமிழ்நெட் 97' கருத்தரங்கம் நடந்தது. திரையில் மட்டும் பழகியவர்கள் பலர் முதன்முதலாக அங்கே கைகுலுக்கினார்கள். அதன்பின் மின்னஞ்சலிலேயே விவாதித்து விவாதித்து 'திஸ்கி' என்ற பொது அடுக்கை உருவாக்கினார்கள். சம்பளம் யாருக்கும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' நடந்தது. அதன் பயனாகத் தமிழ்நாட்டு அரசு 'தமிழ் 99' விசைப்பலகையை ஏற்றது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய் என்ற அழகான அமைப்பு. ஆனால் எழுத்துரு அடுக்கில் அரசு ஏற்றது 'டாம்', 'டாப்' என்ற வேறு முறைகளை. நண்பர்கள் பாடுபட்ட திஸ்கிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்களா? இல்லை. திஸ்கியிலேயே தொடர்ந்து எழுதினார்கள். பிறகு உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கும் யூனிகோட் கணினிகளில் பரவத் தொடங்கியபோது, தாங்கள் வளர்த்த திஸ்கியைத் தாங்களே ஓரமாக வைத்துவிட்டு அதற்கு மாறினார்கள். பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றும் கருவிகளையும் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 2010இல் தமிழ்நாட்டு அரசும் யூனிகோடை ஏற்றது. இதைப் பார்க்க நா. கோவிந்தசாமி இல்லை. 1999இலேயே அவர் காலமாகிவிட்டார்.

பொங்கலன்று பிறந்த மதுரை

இதே கூட்டத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. லோசானிலிருந்து கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைத்தார்கள். தமிழ் இலக்கியங்களைக் கணினியில் தட்டெழுதி யாரும் இலவசமாகப் படிக்க வைப்பது நோக்கம். பட்டியலில் முதல் எண் திருக்குறளுக்கு. ஒருவர் தட்டெழுதுவார், இன்னொரு நாட்டிலிருந்து இன்னொருவர் பிழை பார்ப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இப்படியே நூல்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. நூலகம் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கும் இன்று கம்பனும் இளங்கோவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள்.

2000இல் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. 2005 பொங்கலின்போது முத்து நெடுமாறனின் 'செல்லினம்' வெளிவந்தது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி பிறந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கணினியில் உள்ள 'இணைமதி' எழுத்துரு அவர் வடிவமைத்தது. அந்நிறுவனத்தின் கைப்பேசியில் தமிழ் விசைமுகத்தைத் தேடுங்கள். அங்கே 'அஞ்சல்' என்ற பெயரையும் காண்பீர்கள்.

இனி நாம் என்ன செய்வது?

என் நண்பர் சொன்னதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணினி முன் வீணாகும் பொழுது ஏராளம். ஆனால் இந்தக் கூட்டத்தாரிடம் மூன்று குணங்கள் இருந்தன. பேசியதோடு நிற்காமல் ஒன்றைச் செய்தார்கள். செய்ததைப் பலர் இலவசமாகக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுவில் ஒன்று அமைவதற்காகத் தம்முடையதை விட்டுக்கொடுத்தார்கள். பொழுதுபோக்கு வரலாறாக மாறுவது அந்த மூன்றாவது குணத்தால்தான்.

இத்தனை பாடுபட்டு எழுத்தை வாங்கிக் கொடுத்த பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள் புலனத்தில் எப்படி எழுதுகிறார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறார்கள். எந்தக் குறையிலிருந்து தப்பிக்க அவர்கள் இரவெல்லாம் விழித்தார்களோ, அந்தக் குறைக்கே நாம் விரும்பிப் போகிறோம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் தோட்ட நிலங்கள் புக்கிட் பெருந்தோங் போன்ற வீடமைப்பு நகரங்களாக மாறிவிட்டன. லயம் போனது, அதோடு அங்கிருந்தவர்களும் திசைக்கு ஒருவராகப் போனார்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே இன்று பெஸ்தாரி ஜெயா. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. எந்தத் தோட்டத்தில் எந்தக் கோயில் இருந்தது, பள்ளிக்கூடத்தை யார் கட்டினார்கள், கிராணி யார், தண்டல் யார் என்பதெல்லாம் வயதானவர்களின் நினைவிலும் தகரப் பெட்டியில் கிடக்கும் படங்களிலும் மட்டுமே இருக்கின்றன.

ராசாவில் ஒருவர், களும்பாங்கில் ஒருவர், கோல சிலாங்கூரில் ஒருவர், பெஸ்தாரி ஜெயாவில் ஒருவர் என நான்கு இணைய நண்பர்கள் போதும். வாரம் ஒரு மணி நேரம், ஒருவர் கேட்டு எழுதட்டும், ஒருவர் பிழை பார்க்கட்டும். தமிழ் விக்கிப்பீடியாவும் 2003இல் அப்படித்தான் தொடங்கியது. தொடக்கத்தில் அதைத் தாங்கிய மயூரநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன ஒரு கட்டடக் கலைஞர். அவர் தொழிலுக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் என்ன தொடர்பு? ஆர்வம் ஒன்றுதான்.

ஆகவே நடுவர் அவர்களே, அடுத்த முறை வீட்டுப் பிள்ளை இரவில் கணினி முன் உட்கார்ந்திருந்தால், "என்ன வெட்டி அரட்டை" என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்தால், ஒரு கோப்பை தேநீர் போட்டுக் கொடுங்கள்.